அந்நியன் கண்ணகி இல்லை

காட்டூரில் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு பழைய டி.வி. உண்டு. தஞ்சாவூர் ரோட்டில் பஸ்களும் லாரிகளும் போகிற இரைச்சலோடு போட்டி போட்டுக்கொண்டு கத்தும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் 'அந்நியன்' ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையாவது தடவை என்று சேனல்காரர்களுக்கே தெரிந்திருக்காது. ரயிலில் மோசமான சாப்பாடு போட்ட கான்ட்ராக்டரை அந்நியன் கொதிக்கிற எண்ணெயில் இறக்குகிற கட்டம். கடைக்காரர் தன் எண்ணெய்ச் சட்டியை மறந்துவிட்டு அந்த எண்ணெய்க் கொப்பரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படி நாலு பேரைப் பொரிச்சு எடுத்தாத்தான் சார் நாடு உருப்படும்" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர். ரிடையர்டு மனுஷர். தெரு நாய்க்கு பிஸ்கட் வாங்கிப் போடுகிறவர். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

நாலு நாள் கழித்து, அதே கடை வாசல். ஒருத்தருடைய செல்போனைக் காணோம். பெஞ்சில்தான் வைத்தாராம். பக்கத்தில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். பதினெட்டு, பத்தொன்பது வயசு இருக்கும். கட்டட வேலைக்கு வடக்கே எங்கிருந்தோ வந்தவன். தமிழில் நாலைந்து வார்த்தைக்கு மேல் தெரியாது. நான் போய்ச் சேருவதற்குள் இரண்டு அறை விழுந்திருந்தது. யாரோ கயிறு எடுத்து வரப் போயிருந்தார்கள்.

இட்லிக்கடை ஆயாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. "ஏன்டா, அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாடா?" அவ்வளவுதான் கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் போன்காரரின் ஸ்கூட்டர் டிக்கிக்குள் இருந்து ரிங்டோன் கேட்டது. அவரேதான் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்.

பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள். கையில் வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை.

அடித்தவர்கள் ரவுடிகள் இல்லை. எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். வீட்டுவரியை முதல் ஆளாகப் போய்க் கட்டுகிறவர்கள். அநியாயம் நடந்துவிட்டது என்று நினைத்துத்தான் அடித்தார்கள். நான் அடிக்கவில்லை. ஆனால் ஆயா கேட்ட கேள்வியை நான் கேட்டிருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு ராத்திரி 'அந்நியன்' படத்தை முதலிலிருந்து உட்கார்ந்து பார்த்தேன். 2005-ல் திருச்சியில் ஒரு தியேட்டரில் பார்த்தபோது விசில் அடித்தவர்களில் நானும் ஒருத்தன். இந்தத் தடவை படம் வேறு மாதிரி தெரிந்தது.

•

கதை உங்களுக்குத் தெரியும். திருவல்லிக்கேணி அம்பி, வக்கீல். ஊர் வைத்த பெயர் 'ரூல்ஸ் ராமானுஜம்'. சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அவருக்கு வேதம். போலீஸில் புகார் கொடுப்பார், கோர்ட்டுக்குப் போவார். ஒன்றும் நடக்காது. உடனே அவருக்குள்ளிருந்து அந்நியன் புறப்பட்டு வந்து, கருட புராணத்தைப் பிரித்து, எந்தப் பாவத்துக்கு எந்த நரகம் என்று பார்த்துக் கொல்லுவான்.

இதை மனநோய்க் கதை என்று ஷங்கர் சொல்கிறார். எனக்கு இது இரண்டாயிரம் வருஷத்துப் பஞ்சாயத்து ஒன்றின் கதையாகப் படுகிறது. சட்டப் படிப்பில் அதற்கென்றே தனிப் பாடம் வைத்திருக்கிறார்கள்.

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த சட்டமெல்லாம் 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமும் அதைச் சுற்றியுள்ள சில்லறைகளும்தான். ஆனால் அந்த வகுப்பில் ஒரு கேள்வி கேட்காமலே நாங்கள் பாஸ் பண்ணிவிட்டோம் என்பது பின்னால்தான் உறைத்தது. சட்டம் என்பது ஏன் சட்டம்?

19-ம் நூற்றாண்டில் ஜான் ஆஸ்டின் என்ற ஆங்கிலேயர் சுலபமாக ஒரு பதில் சொன்னார். அதிகாரத்தில் இருக்கிறவர் போடுகிற கட்டளை, மீறினால் தண்டனை. அதுதான் சட்டம். அது நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி, அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். அவருடைய குரு பெந்தாம் வழியில் வந்த இந்தக் கட்சியைச் சட்ட நேர்க்காட்சிவாதம் என்று பாடப் புத்தகத்தில் சொல்வார்கள். வாயில் நுழையாவிட்டால் 'எழுதினது சட்டம்' கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் 1961-ல் எச்.எல்.ஏ. ஹார்ட் இதைச் செம்மைப்படுத்தினார். வெறும் மிரட்டலால் சட்டம் ஆகிவிடாது, இன்னின்ன வழியில் வந்தால்தான் சட்டம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஓர் அடிப்படை விதி வேண்டும் என்றார்.

இவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெந்தாம் வாழ்க்கை முழுக்கச் சட்டச் சீர்திருத்தத்துக்காகக் கத்தியவர். இருக்கிற சட்டம் எது, இருக்க வேண்டிய சட்டம் எது என்று பிரித்து வைத்தால்தான் இருக்கிறதைத் தைரியமாகத் திட்ட முடியும் என்பது அவர் கணக்கு.

எதிர்க்கட்சி இதைவிடப் பழசு. ரோமாபுரியில் சிசரோ, 13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ். அரசன் எழுதுவதற்கு மேலே ஒரு சட்டம் இருக்கிறது. அதோடு மோதுகிற சட்டம் சட்டமே இல்லை. இது இயற்கைச் சட்டக் கட்சி. நம் ஊரில் இதற்குப் புத்தகம் வேண்டாம். "சட்டப்படி சரிதாங்க, ஆனா நியாயமா?" என்று எந்த டீக்கடையிலும் கேட்பார்கள். அந்த 'ஆனா'வில்தான் மொத்தச் சண்டையும் இருக்கிறது.

ஜெர்மனியில் குஸ்தாவ் ராட்புரூக் என்று ஒரு சட்டப் பேராசிரியர். ஹிட்லர் 1933-ல் வேலையை விட்டுத் தூக்கினார். முறைப்படி நிறைவேற்றிய சட்டங்களை வைத்தே நாஜிகள் என்னென்ன செய்தார்கள் என்று பார்த்த பிறகு, 1946-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். சாதாரண அநியாயம் என்றால் சட்டத்துக்கே முதலிடம் கொடுக்கலாம். தாங்கவே முடியாத அநியாயம் என்றால் அந்தச் சட்டம் நீதிக்கு வழிவிட வேண்டும். பட்டும் பார்த்தும் எழுதியது அது.

அப்படியானால் அம்பி 'எழுதினது சட்டம்' கட்சி, அந்நியன் இயற்கைச் சட்டக் கட்சி. சரியாகப் பொருந்துகிறதே என்று தோன்றுகிறதா? எனக்கும் 2005-ல் அப்படித்தான் தோன்றியது.

•

முதலில் அம்பிக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவரைத் தோற்கடிக்க வேண்டும் என்று படம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. குடுமி, நாமம், அழுமூஞ்சி, பயந்த பேச்சு. நியாயம் பேசுகிறவன் என்றால் அசடு. அவர் ஒரு வழக்கை எப்படி நடத்தி எப்படித் தோற்றார் என்று நிதானமாகக் காட்டியிருந்தால் நமக்கு ஏதாவது தெரிந்திருக்கும்.

'அந்நியன்' வெளியானது 2005 ஜூன் 17. அதற்கு இரண்டு நாள் முன்னால், ஜூன் 15 அன்று, தகவல் உரிமைச் சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்தது. அக்டோபர் 12 முதல் முழு அமலுக்கு வந்தது. பத்து ரூபாய் கட்டி, ரயில் சாப்பாட்டுக் கான்ட்ராக்ட் யாருக்கு, எவ்வளவுக்கு, என்ன தரத்துக்குக் கொடுத்தீர்கள் என்று ஒரு குடிமகன் கேட்கலாம். தமிழ்நாட்டில் 1997-லேயே இதற்கு ஒரு மாநிலச் சட்டம் வந்திருந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-லிருந்து இருந்தது. 2019-ல் புதுச் சட்டம் வந்தது. இவையெல்லாம் மந்திரக்கோல் இல்லை, தெரியும். வருஷக்கணக்கில் அலையவிடுவார்கள். ஆனால் அம்பி போன்ற ஆயிரக்கணக்கான 'அசடு'கள் மனு எழுதி எழுதித்தான் இந்தச் சட்டங்களுக்கு உயிர் கொடுத்தார்கள். அவர்களைப் பற்றி மூன்று மணி நேரப் படத்தில் ஒரு சீன்கூட இல்லை.

அடுத்து அந்நியன். அவன் கோர்ட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். வெப்சைட்டில் புகார் வருகிறது. அவன் படிக்கிறான். விசாரணை முடிந்தது! எதிர்த்தரப்பு என்று ஒன்று உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது. குற்றவாளியிடம் அவன் பேசுவான்தான், தீர்ப்பு எழுதிய பிறகு, நிறைவேற்றுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால். அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவ வண்டியை நிறுத்தாதவனை எருமைகளை விட்டு மிதிக்க வைக்கிறான். அந்த ஆள் நிறுத்தாததற்கு வேறு ஏதாவது காரணம் இருந்ததா? படம் நம்மிடம் சத்தியம் பண்ணிவிடுகிறது, இல்லை என்று. சினிமாவில் டைரக்டரே சாட்சி, டைரக்டரே கடவுள். தெருவில் அந்த வசதி நமக்குக் கிடையாது. ஸ்கூட்டர் டிக்கிக்குள்ளே என்ன இருக்கிறது என்று தெருவில் யாருக்கும் தெரியாது.

லான் ஃபுல்லர் என்ற அமெரிக்கர் 1964-ல் எழுதிய புத்தகத்தில் ரெக்ஸ் என்று ஒரு கற்பனை ராஜா வருகிறார். நல்ல மனசு. ஊருக்கு நல்ல சட்டம் போட வேண்டும் என்று ஆசை. ஆனால் ஒவ்வொரு தடவையும் சொதப்புகிறார். சட்டத்தை ரகசியமாக வைத்துக்கொள்கிறார், நடந்து முடிந்ததற்குப் பிறகு சட்டம் போடுகிறார், யாருக்கும் புரியாத மாதிரி எழுதுகிறார், ஒன்றுக்கொன்று முரணாக எழுதுகிறார், எழுதியது ஒன்று செய்வது ஒன்று என்று நடக்கிறார். கடைசியில் ரெக்ஸ் சட்டமே போடவில்லை என்கிறார் ஃபுல்லர். அறம் எங்கேயோ வானத்தில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை, சட்டம் நடக்கிற முறைக்குள்ளேயே ஒரு அறம் இருக்கிறது என்பது அவர் கட்சி. எனக்கு இது ரொம்பப் பிடித்த கட்சி.

இன்னொரு கேஸும் சொல்ல வேண்டும், காமர்ஸ்காரர்களுக்குப் பிடித்தது. நியூயார்க்கில் ஒரு தாத்தா பேரனுக்குச் சொத்தை எழுதி வைத்தார். தாத்தா உயிலை மாற்றிவிடுவாரோ என்று பயந்து பேரன் விஷம் வைத்துவிட்டான். உயில் சட்டப்படி பக்கா. கொலைகாரனுக்குச் சொத்து கிடையாது என்று அந்தச் சட்டத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. 1889-ல் கோர்ட் சொன்னது: தான் செய்த குற்றத்தில் தானே லாபம் பார்க்கக் கூடாது என்பது சட்டத்துக்கு அடியிலேயே ஓடுகிற ஒரு கொள்கை, எனவே பேரனுக்கு ஒன்றும் இல்லை. ரொனால்ட் டுவொர்கின் இந்தக் கேஸை வைத்துத்தான், சட்டம் என்றால் எழுதிய விதி மட்டும் இல்லை, விதிக்குப் பின்னால் நிற்கும் கொள்கைகளும் சேர்ந்ததுதான் என்று வாதாடினார். நம் 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் இதை எழுத்திலேயே வைத்துவிட்டது, 25-வது பிரிவில்.

அந்த நீதிபதிகளும் எழுதிய சட்டத்தைத் தாண்டித்தான் போனார்கள். ஆனால் முகமூடி போட்டுக்கொண்டு போகவில்லை. பேரனுடைய வக்கீல் பேசியதைக் கேட்டார்கள். காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். தப்பு என்று நினைத்தவர் எதிர்த் தீர்ப்பும் எழுதினார். இன்றைக்கும் நாம் அதை எடுத்துப் படித்து, ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம். அந்நியன் கொடுத்த தீர்ப்பை மறுக்க வேண்டுமானால் எந்த ஆபீஸில் மனு கொடுப்பது?

•

'அந்நியன்' படத்துக்கு வசனம் எழுதியவர் சுஜாதா. எங்கள் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். அதே கை சிலப்பதிகாரத்துக்கு எளிய அறிமுகமும் எழுதியிருக்கிறது. அதனாலோ என்னவோ, அந்நியனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணகி ஞாபகம் வரும். தலைவிரி கோலம், ஆவேசம், நெருப்பு. சட்டம் கைவிட்ட இடத்தில் அறமே ஆளாக எழுந்து வருகிறது என்று நினைத்திருந்தேன். இந்தத் தடவை கதையை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால், ஒப்பிட்ட ஆளே தப்பு.

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு புகாரிலிருந்து நடந்து வந்து, அரங்கத்துக்கு அருகே காவிரியைக் கடந்து, உறையூரில் தங்கிவிட்டுத்தான் மதுரைக்குப் போகிறார்கள். காட்டூரில் பஸ் ஏறினால் போய்விடலாம், அந்த உறையூர்தான். மதுரையில் என்ன நடக்கிறது? பொற்கொல்லன் வந்து, காணாமல் போன சிலம்பு ஒருத்தனிடம் இருக்கிறது என்கிறான். ராணியின் ஊடலைத் தீர்க்கப் போய்க்கொண்டிருக்கிற பாண்டியன், சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டு வாருங்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறான்.

காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். இவன் திருடன் மாதிரி தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் விடவில்லை. திருடர்கள் மந்திரம், மருந்து, தந்திரம் என்று எட்டு விஷயங்களை நம்பித் தொழில் செய்கிறவர்கள், வெளித்தோற்றத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று லெக்சர் அடிக்கிறான். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு முரடன் வாளை வீசிவிடுகிறான். கோவலனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ராஜாவும், காவலர்களும், வாள் வீசியவனும்.

கண்ணகி வந்து கேட்கும்போது பாண்டியன் சொல்கிற பதிலைப் பாருங்கள். திருடனைக் கொல்வது கொடுமை இல்லை, அரச நீதிதான் என்கிறான். ஆஸ்டின் கேட்டால் கை குலுக்குவார்! இங்கேதான் இளங்கோவடிகளின் சாமர்த்தியம். கண்ணகி அந்தச் சட்டத்தோடு சண்டையே போடவில்லை. திருடனுக்கு மரண தண்டனை கொடுமை என்று அவள் சொல்லவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்களுடையது முத்து என்கிறான் பாண்டியன். உடைத்துப் பார்க்கிறார்கள். மாணிக்கம் தெறிக்கிறது.

பாண்டியன் ஆண்ட நாட்டில் சட்டம் கெட்டுப்போயிருக்கவில்லை. திருட்டுக்குச் சட்டம் இருந்தது, தண்டனை இருந்தது, கேட்கிற வேலை மட்டும் நடக்கவில்லை. பரலை ஒரு நாள் முன்னால் பார்த்திருந்தால் காப்பியமே கிடையாது.

அப்படியானால் அந்நியன் யார்? புகார் சொன்னவன் பேச்சை மட்டும் கேட்டு, போகிற போக்கில் கொல்லச் சொன்ன ஆள் யார்? அந்நியன் கண்ணகியே இல்லை. அவன் பாண்டியன். அதுவும் பாதிப் பாண்டியன். சிலம்பு உடைந்ததும் தானே கள்வன் என்று ஒத்துக்கொண்டு விழுந்து செத்தானே, அந்த மீதிப் பாண்டியன் அவனிடம் கிடையாது. படத்தின் முடிவில் கோர்ட் அம்பியை மருத்துவத்துக்கு அனுப்பி, குணமாகி வெளியே வந்த பிறகு, ரயிலில் ஒருத்தனைத் தள்ளிக் கொல்கிறார். இப்போது முகமூடிகூட வேண்டியிருக்கவில்லை. தியேட்டரில் பெரிய கைதட்டல்.

"அப்போ கண்ணகி மதுரையை எரிச்சது மட்டும் கேட்டுட்டா செஞ்சா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இல்லை, கேட்டுச் செய்யவில்லை. முதியோர், குழந்தைகள், பசுக்கள் என்று சிலரை விட்டுவிடச் சொல்லித் தீயை அனுப்புகிறாள், ஆனால் ஊரை எதுவும் கேட்கவில்லை. எனக்கு எப்போதும் நெருடுகிற இடம் அது. இளங்கோவையும் நெருடியிருக்க வேண்டும். தீ எரிந்துகொண்டிருக்கும்போது மதுரையின் தெய்வம் கண்ணகி முன் வந்து நிற்கிறது. பாண்டியர் குலத்தின் நீதிக் கதைகளைச் சொல்கிறது. அதில் ஒன்று, வார்த்திகன் என்பவனைத் தவறாகத் திருடன் என்று சிறை வைத்து, பிறகு உண்மை தெரிந்து ராஜாவே மன்னிப்புக் கேட்ட கதை. கோவலனின் முற்பிறவியையும் சொல்கிறது. அந்தப் பிறவியில் அவனே ஒரு அப்பாவி வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துச் சாகடித்தவனாம். முற்பிறவியை நான் நம்ப வேண்டியதில்லை. அந்தக் காட்சி என்ன வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம். எதிர்த்தரப்பு வாதம் கடைசியில் வந்துவிட்டது. ஆனால் ஊர் எரிந்த பிறகு வந்தது. அறம் ஜெயித்தது என்று பட்டிமன்றத்தில் கைதட்டிவிட்டுப் போகிறோமே, அந்தக் காதை முழுக்கச் சாம்பல் வாசனை.

•

நம் குடியரசு பிறந்ததும் இதே கேள்வி கோர்ட்டுக்கு வந்தது. வந்தது நம் மாநிலத்துக் கேஸ்தான்.

ஏ.கே. கோபாலன், கம்யூனிஸ்ட் தலைவர். அவருடைய மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1947 டிசம்பரிலிருந்து சிறையில் இருந்தார். 1950 மார்ச் 1 அன்று, புதிதாக வந்த தடுப்புக் காவல் சட்டத்தின்படி அவர்மேல் புது உத்தரவு போட்டார்கள். விசாரணை கிடையாது, உள்ளேயே இரு. கோபாலன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 'ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம்' என்று சட்ட மாணவர்கள் இன்றைக்கும் நெட்டுருப் போடுகிற வழக்கு.

அவருக்காக வாதாடியவர் எம்.கே. நம்பியார். அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு, சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. அதில் 'சட்டம்' என்றால் என்ன? சட்டசபை எதை நிறைவேற்றினாலும் அது சட்டமா, அல்லது இயற்கை நீதிக்கு ஒத்துப்போவதுதான் சட்டமா? நம்பியார் இரண்டாவதைச் சொன்னார். 1950 மே 19 அன்று தீர்ப்பு. ஆறு நீதிபதிகளில் பெரும்பான்மையினர், சட்டம் என்றால் அரசு இயற்றிய சட்டம்தான், இயற்கை நீதி என்பது அளவுகோல் இல்லாத சமாசாரம் என்றார்கள். சிறைக்காரணத்தைக் கோர்ட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்ற ஒரு பிரிவை மட்டும் ரத்து செய்தார்கள். கோபாலன் தோற்றார்.

ஃபசல் அலி என்ற நீதிபதி மட்டும் மாறுபட்டார். எந்தச் சட்டத்திலும் நாலு விஷயம் குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்று எழுதினார். முன்னறிவிப்பு, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, பாரபட்சமில்லாத விசாரிப்பாளர், ஒழுங்கான நடைமுறை.

எங்கள் ஆயா கேட்டதும் இதைத்தான், சுருக்கமாக.

ஃபசல் அலி சொன்னது ஜெயிக்க 28 வருஷம் ஆயிற்று. நடுவே ஒரு பள்ளமும் வந்தது. எமர்ஜென்சியில் காரணமில்லாமல் உள்ளே போட்டவர்கள் கோர்ட்டுக்கு வரலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. 1976 ஏப்ரல் 28 அன்று சுப்ரீம் கோர்ட், 21-வது பிரிவை நிறுத்தி வைத்திருக்கும்போது வர முடியாது என்றது. நாலு பேர் ஒரு பக்கம், எச்.ஆர். கன்னா ஒருத்தர் மறுபக்கம். உயிர் வாழும் உரிமை அரசியல் சட்டம் எழுதிக் கொடுத்த பரிசு இல்லை, அது எழுதப்படாதபோதும் இருந்தது என்றார் கன்னா. தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி ஜூனியருக்குப் போனது, ராஜினாமா செய்தார். 1978 ஜனவரியில் மேனகா காந்தி வழக்கு. பாஸ்போர்ட்டை முடக்கும்போது அவரைக் கேட்கவில்லை. அதில்தான், நடைமுறை என்றால் ஏதோ ஒரு நடைமுறை போதாது, நேர்மையான, நியாயமான நடைமுறையாக இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2017-ல் புட்டசாமி வழக்கில் 1976 தீர்ப்பையே தவறென்று ஒன்பது நீதிபதிகள் தள்ளிவிட்டார்கள். அந்த நாலு பேரில் ஒருவருடைய மகனும் அந்த பெஞ்சில் இருந்து அதை எழுதினார்.

இவர்களெல்லாம் சட்டத்துக்கு மேலே அறம் உண்டு என்று நம்பினவர்கள். ஆனால் அந்த அறத்தை அதிகாரத்தின் கையைப் பிடித்துத் தடுக்கப் பயன்படுத்தினார்கள். ஒருத்தன் கழுத்தைப் பிடிக்கப் பயன்படுத்தவில்லை.

•

பெரியவர் விடமாட்டார் என்று தெரியும். "கோர்ட்டே அநியாயம் செஞ்சா?" என்பார். அவருக்காக நானே ஒரு கேஸ் எடுத்துக் கொடுக்கிறேன். கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25. கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிகளின் குடும்பங்களில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1970-ல் கீழ்க் கோர்ட் நிலச்சுவான்தாரரைத் தண்டித்தது. 1973-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அவ்வளவு நிலபுலன் உள்ளவர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைப்பார்களா என்று சந்தேகப்பட்டது. 1980-ல் அந்த நிலச்சுவான்தாரர் வெட்டிக் கொல்லப்பட்டார்.

இந்த இடத்தில் எனக்குப் பேச்சு தடுமாறுகிறது. நான் அந்தச் சேரியில் பிறந்திருந்தால் 1980-ல் என்ன நினைத்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பாடம் எடுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் வெண்மணித் தீர்ப்பில் என்ன கோளாறு என்று பார்த்தால், அதே பழைய கோளாறுதான். உயிர் தப்பியவர்கள் சொன்னதைக் கேட்ட காது, பணக்காரர் அப்படிச் செய்வாரா என்ற எண்ணத்தில் அடைத்துக்கொண்டது. கேட்காததால் வந்த வினை அது. அதற்கு மருந்தாக, யாரையுமே கேட்காத ஒரு முறையைக் கொண்டு வந்தால், முதலில் அடி வாங்கப்போவது யார்? நிலச்சுவான்தாரரா? எங்கள் தெருவில் வாங்கியது கட்டட வேலைக்கு வந்த பையன்.

2019 டிசம்பர் 6 விடியற்காலை, ஹைதராபாத் அருகே. ஒரு பெண் டாக்டரைச் சீரழித்துக் கொன்ற வழக்கில் பிடிபட்ட நாலு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜனங்கள் போலீஸ் மேல் பூ தூவினார்கள். நிஜ வாழ்க்கையில் 'அந்நியன்' ரிலீஸ். சுப்ரீம் கோர்ட் அமைத்த சிர்புர்கர் கமிஷனின் அறிக்கை 2022-ல் வெளியானது. தப்பி ஓடினார்கள், சுட்டோம் என்ற கதை நம்பும்படி இல்லை, கொல்ல வேண்டும் என்றே சுட்டிருக்கிறார்கள் என்றது. செத்தவர்களில் மூன்று பேர் சம்பவத்தின்போது 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. அவர்கள்தான் குற்றவாளிகளா? இருக்கலாம். எந்தக் கோர்ட்டும் இனி அதைச் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணின் வழக்கும் அவர்களோடு செத்துவிட்டது.

அடுத்த வருஷம் நம் சாத்தான்குளம். ஊரடங்கில் கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்ததாகப் பிடித்துக்கொண்டு போன தந்தையும் மகனும் திரும்பி வரவில்லை. அப்போது யாரும் பூ தூவவில்லை. ஆனால் கேட்காமல் அடிக்கலாம் என்ற அனுமதி எங்கிருந்து வந்தது? நாம் பூ தூவிய இடத்திலிருந்து கொஞ்சம், தியேட்டரில் விசில் அடித்த இடத்திலிருந்தும் கொஞ்சம். என் விசிலும் அதில் இருக்கிறது.

போன வாரம் டீக்கடையில் பெரியவரைப் பார்த்தேன். அன்றைக்கு அறைந்தவர்களில் அவரும் ஒருவர். இரண்டில் ஒரு அறை அவருடையது. படத்தைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் பேச்சை மாற்றவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையன் இப்ப இந்தப் பக்கம் வர்றதே இல்ல சார். நாலு நாளா நானும் பார்க்கிறேன்" என்றார்.

எங்கே வேலை செய்கிறான் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பேர் கேட்டேன். அதுவும் தெரியவில்லை. எனக்கும்தான்.